ஆங்கில வார்த்தை: பிடிப்பது நாம், ஞாபகப்படுத்துவது போன்

திருப்பூரில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர் கொடுக்கிறவருக்கும் கம்பெனிக்கும் நடுவில் வேலையைப் பார்த்துக்கொள்கிறவனாகச் சேர்ந்த நாலாவது மாதம், துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரரிடமிருந்து, நாங்கள் பையர் என்போம், சாம்பிள் பற்றி ஒரு மெயில் வந்தது. முதல் வரியே "அப்ரூவ்ட் சப்ஜெக்ட் டு கரெக்‌ஷன் ஆஃப் நெக் ரிப்". எனக்கு அப்ரூவ்ட் தெரியும். சப்ஜெக்ட் தெரியும், பள்ளிக்கூடத்தில் அஞ்சு சப்ஜெக்ட் படித்தவன்தானே. கரெக்‌ஷனும் தெரியும். எல்லா வார்த்தையும் தெரிந்ததாக இருந்ததால் வரியும் புரிந்துவிட்டது என்று நினைத்து, நெக் ரிப் விஷயமாக அப்ரூவல் வந்துவிட்டது என்று நானே ஒரு அர்த்தம் பண்ணிக்கொண்டு கட்டிங்குக்குச் சொல்லிவிட்டேன். கழுத்தைச் சுற்றித் தைக்கிற ரிப் துணியைச் சரிசெய்தால்தான் அப்ரூவல் என்று அந்த ஆள் எழுதியிருந்தார். இரண்டு நாள் கழித்துக் கட்டிங் மாஸ்டர் வந்து, "ஏனுங் தம்பி, அப்ரூவல் வந்திருச்சுன்னு நீங்கதானுங் சொன்னீங்க?" என்றார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. வெட்டின ரிப் முழுக்க வேஸ்ட்டில் போனது.

அன்றைக்கு ராத்திரியே 5,000 வார்த்தை கற்றுத்தருகிறேன் என்ற ஒரு ஆப்பை இன்ஸ்டால் பண்ணினேன். மூன்று மாதம் விடாமல் படித்தேன். யானை, குடை, வானவில், கழுகு எல்லாவற்றுக்கும் ஆங்கிலம் வந்தது. ஒரு பையரும் எனக்குக் கழுகைப் பற்றி மெயில் போடவில்லை. சப்ஜெக்ட் டு அந்த ஆப்பில் கடைசிவரை வரவே இல்லை.

இப்போது என் அக்கா மகள் காங்கேயத்துப் பக்கம் ஊரிலிருந்து காலேஜ் முடித்துவிட்டு இதே வேலைக்கு வரப்போகிறாள். "மாமா, இங்கிலீஷ் வார்த்தைக்கு எந்த ஆப்புங் நல்லது?" என்று கேட்டாள். எந்த ஆப்பும் வேலைக்கு ஆகும் கண்ணு, ஆனால் வார்த்தையை அதுக்கிட்ட கேட்காதே, நீ கொண்டுபோய்க் கொடு என்றேன். அவளுக்கு விளக்கமாகச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழ் மீடியத்தில் படித்து, வேலையில் ஆங்கில மெயிலோடு மல்லுக்கட்டுகிற எல்லாருக்கும் இது பொருந்தும். பனியன் கம்பெனியாக இருந்தாலும் சரி, கோயம்புத்தூர் பம்புசெட் கம்பெனியாக இருந்தாலும் சரி, நாமக்கல் லாரி ஆபீஸாக இருந்தாலும் சரி.

முதலில் வாயில் இருப்பதை எண்ணுங்கள்

புது வார்த்தைக்குப் போவதற்கு முன்னால் ஒரு வாரம் வேறு ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் ஏற்கெனவே பேசுகிற ஆங்கில வார்த்தைகளைக் குறித்து வையுங்கள். செக்கிங் டேபிளில் நிற்கிற அக்காக்கள் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர்களாக இருப்பார்கள், ஆனால் ஒரு ஷிப்ட்டில் அவர்கள் வாயிலிருந்து வரும் ஆங்கிலத்தை எண்ணிப்பாருங்கள்: பீஸ், சைஸ், ஆல்டர், ரிஜெக்ட், டேமேஜ், அயனிங், ஓவர்டைம், டெலிவரி. இது கையில் இருக்கிற முதல். இதற்கு எழுத்துக்கூட்டும் சரியான உச்சரிப்பும் சேர்த்துவிட்டால் போதும், பாதிக் கிணறு தாண்டினமாதிரி.

இந்த வார்த்தைகளில் சில அப்படியே சரி. சில உருமாறி வந்தவை: ஒரு வகைத் தையல் மிஷினை நாம் பேட்லாக் என்பது அவர்களுக்கு ஃபிளாட்லாக். மூன்றாவதாக ஒரு கூட்டம் இருக்கிறது, அதுதான் வம்பு. வார்த்தை ஆங்கிலம், அர்த்தம் நம்முடையது. "பார்ட்டி வந்திருக்குதுங்க" என்றால் நமக்கு வாடிக்கையாளர் வந்திருக்கிறார், மெயிலில் அதையே எழுதினால் வெளிநாட்டுக்காரர் கேக் வெட்டுகிறார்களோ என்று நினைப்பார். "வண்டி நல்ல கண்டிசன்" சரி, ஆனால் "டெர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸ்" என்றால் நிபந்தனை. பனியன் என்ற வார்த்தையையே எடுத்துக்கொள்ளுங்கள், ஊரே அதை வைத்துத்தான் சோறு தின்கிறது, ஆனால் லண்டனிலோ நியூயார்க்கிலோ இருக்கிறவர் காதில் அது ஆலமரம். சரி, வெஸ்ட் என்று எழுதலாமா? பிரிட்டிஷ்காரருக்கு வெஸ்ட் என்றால் உள்ளே போடுகிற பனியன், அமெரிக்கருக்கு சட்டைக்கு மேலே போடுகிற கையில்லாத கோட்டு. பேன்ட்ஸ் அதைவிட மோசம்: அமெரிக்காவில் கால்சட்டை, பிரிட்டனில் ஜட்டி. டிக்‌ஷனரியில் வார்த்தைக்குப் பக்கத்தில் பிரிட்டிஷ், அமெரிக்கன் என்று குறிப்பு போட்டிருப்பார்களே, அதை யாரும் பார்ப்பதில்லை. துணி விற்கிற ஊர்க்காரர்கள் அதைப் பார்த்தே ஆக வேண்டும்.

இந்தப் பட்டியலை எங்கே எழுதுவது? தனி நோட்டு, தனி ஆப் எல்லாம் வேண்டாம். வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே மெசேஜ் அனுப்பிக்கொள்ளும் வசதி இருக்கிறது. அதுதான் மூட்டை. எல்லாவற்றையும் அதில் போடுங்கள், ஞாயிற்றுக்கிழமை பிரிப்போம்.

ஒன்றே ஒன்று. இந்தக் கட்டுரையில் ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். உங்கள் மூட்டையில் அப்படி எழுதாதீர்கள். தமிழில் 'ப' ஒன்றுதான், 'க' ஒன்றுதான். பேக் என்று எழுதி வைத்தால் அது முதுகா, பையா, கட்டுவதா, அடுப்பில் ரொட்டி சுடுவதா? நான்கையும் நாம் ஒரே மாதிரிதான் எழுதுவோம். ஸ்டேபிள் என்று எழுதி வைத்தேன் ஒருமுறை. பஞ்சின் இழை நீளத்தைச் சொல்லும் ஸ்டேபிள் ஒன்று, ஆடாமல் நிலையாக இருப்பதைச் சொல்லும் ஸ்டேபிள் ஒன்று. ஒரு வாரம் கழித்து எதை எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆங்கில எழுத்தில் எழுதுங்கள், உச்சரிப்பைக் காதால் கேளுங்கள், தமிழ் எழுத்தை அர்த்தத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வார்த்தையைப் பிடிப்பது

கண்ணில் படுகிற தெரியாத வார்த்தை எல்லாவற்றையும் அள்ளினால் மூட்டை தாங்காது. நான் வைத்திருக்கிற கணக்கு எளிது. ஒரு வார்த்தை முதல்முறை வந்தால் அர்த்தம் பார்த்துவிட்டு விட்டுவிடுவேன். ஒரு மாதத்துக்குள் இரண்டாவது தடவை வந்தால் அது நம்மைத் தேடி வருகிறது, பிடித்துப் போட வேண்டியதுதான். வார்த்தை தொழிலில் வந்ததாக இருந்தால் மட்டும் முதல் தடவையே எடுத்துக்கொள்வேன்.

எடுக்கும்போது வார்த்தையை மட்டும் பிய்த்து எடுக்காதீர்கள். வரியோடு எடுங்கள். தேங்காயை மட்டையோடு பறிப்பதுபோலத்தான், பிறகு உரித்துக்கொள்ளலாம். மெயிலில் இருந்தால் காப்பி பண்ணி வாட்ஸ்அப்பில் போடலாம். துணியை எப்படித் துவைப்பது என்று சொல்லும் கேர் லேபிளிலோ மருந்து டப்பாவிலோ ரயில்வே ஸ்டேஷன் போர்டிலோ இருந்தால் கூகுள் லென்ஸைத் திறந்து காட்டுங்கள், எழுத்தைப் படமாகப் பார்த்து டெக்ஸ்ட்டாக மாற்றித் தரும். பல்லடத்திலிருந்து திருப்பூர் போகிற டவுன் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் இந்த வேலை முடிந்துவிடும், கிடைக்காவிட்டாலும் ஒற்றைக் கையில் செய்யலாம்.

எத்தனை வார்த்தை தெரிந்தால் போதும் என்று எல்லாரும் கேட்பார்கள். நியூசிலாந்துப் பேராசிரியர் பால் நேஷன் 2006-ல் ஒரு கணக்குச் சொன்னார்: நாவலோ செய்தித்தாளோ யார் உதவியும் இல்லாமல் படிக்க 8,000 முதல் 9,000 சொல் குடும்பங்கள், பேச்சைப் புரிந்துகொள்ள 6,000 முதல் 7,000. சொல் குடும்பம் என்றால் அப்ரூவ், அப்ரூவ்ட், அப்ரூவல் எல்லாம் சேர்ந்து ஒன்று. இதைக் கேட்டு மிரண்டுவிட வேண்டாம். டாக்காவில் வேலை பார்த்து, வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கப் படும் பாட்டைப் பார்த்த மைக்கேல் வெஸ்ட் 1953-ல் அடிக்கடி வரும் சுமார் 2,000 வார்த்தைகளைப் பட்டியல் போட்டார். எந்த எழுத்தை எடுத்தாலும் பெரும்பங்கு அந்த மாதிரி 2,000 வார்த்தைக்குள்தான் புரளும். அதற்கு மேல் உங்கள் தொழில் வார்த்தை ஒரு 300, 400 சேர்ந்தால் மெயிலைக் கண்டு பயப்படத் தேவையில்லை, அது என் அனுபவம்.

ஒரு வார்த்தை அடிக்கடி வருவதா, எப்போதாவது வருவதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? லாங்மேன் டிக்‌ஷனரியின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், காசு கிடையாது. வார்த்தைக்குப் பக்கத்தில் மூன்று சின்ன வட்டம் இருக்கும். மூன்றும் நிறைந்திருந்தால் மிக அடிக்கடி வரும் 3,000-க்குள் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு நிறைந்திருந்தால் அடுத்த 3,000. வட்டமே இல்லையென்றால், அது உங்கள் தொழில் வார்த்தையாக இல்லாதபட்சத்தில், விட்டுத்தள்ளுங்கள். ஆக்ஸ்போர்டு லர்னர்ஸ் டிக்‌ஷனரியிலும் இதேபோல எளிதிலிருந்து கடினம்வரை ஏ1, பி2 என்று நிலை போட்டிருப்பார்கள்.

அர்த்தம் பார்ப்பது

கூகுள் டிரான்ஸ்லேட்டை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், நானே ஒரு நாளைக்குப் பத்துத் தடவை திறக்கிறேன். முழு வரியையும் போட்டுப் பார்ப்பதற்கு நல்லது. ஒற்றை வார்த்தையைப் போட்டால்தான் ஏமாற்றும். ப்ளீடிங் என்றால் தமிழ் டிக்‌ஷனரியில் முதலில் இரத்தக் கசிவுதான் வரும். பையர் ப்ளீடிங் என்று எழுதினால் துவைக்கும்போது சாயம் இறங்கிப் பக்கத்துத் துணியில் ஏறுகிறது என்கிறார், யாருக்கும் அடிபடவில்லை. ஷேட் நிழல்தான், ஆனால் நமக்கு அது ஒரே கலர் கொஞ்சம் அடர்த்தியாகவோ வெளிறியோ வருகிற வித்தியாசம்.

அதனால் தமிழில் ஒரு தடவை பார்த்துவிட்டு, உடனே ஆங்கிலம் கற்கிறவர்களுக்கென்றே எழுதின லர்னர்ஸ் டிக்‌ஷனரிக்குப் போங்கள். லாங்மேனில் அர்த்தங்களைச் சுமார் 2,000 எளிய வார்த்தைக்குள்ளேயே எழுதியிருப்பார்கள், ஒரு அர்த்தத்தைப் புரிந்துகொள்ள இன்னும் நாலு அர்த்தம் தேடும் கொடுமை குறைவு. பிரிட்டிஷ், அமெரிக்கன் இரண்டுக்கும் தனித்தனி ஸ்பீக்கர் படம் இருக்கும், இரண்டையும் தட்டிக் கேளுங்கள்.

நான் மாட்டிக்கொண்ட சப்ஜெக்ட் டுவை அங்கே போட்டுப் பார்த்தபோதுதான் ஒரு சங்கதி தெரிந்தது. அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட அர்த்தம் உண்டு. "இது நடந்தால்தான் அது" என்பது ஒன்று. "இதனால் பாதிக்கப்படலாம்" என்பது இன்னொன்று. டிவியில் மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்தின் கடைசியில் மூச்சுவிடாமல் ஒரு குரல் சொல்லுமே, "ஆர் சப்ஜெக்ட் டு மார்க்கெட் ரிஸ்க்ஸ்" என்று, அது இரண்டாவது. நூறு தடவை கேட்டிருக்கிறேன், ஒரு தடவையாவது அது என்ன டு என்று யோசித்திருந்தால் அந்த ரிப் தப்பித்திருக்கும்.

அர்த்தம் தெரிந்தபிறகும் வார்த்தை தனியாகப் பேசாது, அதற்குக் கூட்டாளிகள் உண்டு. நாம் "மழை பெய்கிறது" என்போம், "மழை விழுகிறது" என்றால் புரியும், ஆனால் வேற்றூர்க்காரர் என்று தெரிந்துவிடும். ஆங்கிலத்திலும் அப்படித்தான். ஸ்கெல் என்று ஒரு இலவசத் தளம் இருக்கிறது, வார்த்தையைப் போட்டால் ஒரு பக்கம் உதாரண வரிகளாகக் கொட்டும், வேர்ட் ஸ்கெட்ச் என்ற இன்னொரு பக்கத்தில் அந்த வார்த்தைக்கு முன்னும் பின்னும் யார் யார் வருவார்கள் என்று காட்டும். டிலே என்று போட்டுப் பாருங்கள். காஸ் எ டிலே, அவாய்ட் டிலே, ஃபர்தர் டிலே, டிலே இன் ஷிப்மென்ட். நாம் அதுவரை "டிலே ஹேப்பன்ட்" என்றே ஒப்பேற்றிக்கொண்டிருந்திருப்போம்.

உச்சரிப்புக்கு யூகிளிஷ். வார்த்தையை அடித்தால் யூடியூப் வீடியோக்களில் யாரோ அந்த வார்த்தையைச் சொல்கிற இடத்துக்கே கொண்டுபோய் விடும், அடுத்த பொத்தானைத் தட்டினால் அடுத்த ஆள். டிக்‌ஷனரிக் குரல் வகுப்பெடுக்கும் குரல், இது சந்தைப் பேச்சு. பிரிட்டிஷ்காரர் ஷெட்யூல் என்பார், அமெரிக்கர் ஸ்கெட்யூல் என்பார், இரண்டையும் பத்துத் தடவை கேட்டுவிட்டால் போனில் எவர் பேசினாலும் திகைக்க மாட்டீர்கள். ரசீதுக்கான ஆங்கில வார்த்தையில் 'பி' எழுத்து ஊமை என்று இதில்தான் எனக்குத் தெரிந்தது, அதுவரை அந்த பியை அழுத்தி அழுத்திச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இனிமேல் போன் வேலை

மூட்டையைப் பிரித்து அர்த்தம் பார்த்தாயிற்று. நாளை மறுநாள் மறந்துவிடும். இது உங்கள் மூளையின் குறையில்லை. ஜெர்மனியில் எபிங்ஹாஸ் என்பவர் அர்த்தமே இல்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே சோதித்து 1885-ல் புத்தகம் போட்டார். மறதி முதலில் மளமளவென்று இறங்கும், அப்புறம் மெல்ல இறங்கும். மறக்கப்போகிற சமயம் பார்த்து ஒருமுறை ஞாபகப்படுத்தினால், அடுத்த மறதிக்கு இன்னும் நாளாகும். நாளைக்கு, நாலு நாள் கழித்து, பத்து நாள், ஒரு மாதம், மூன்று மாதம் என்று இடைவெளியை நீட்டிக்கொண்டே போகலாம். நூற்றுக்கணக்கான வார்த்தைக்கு இந்த நாள் கணக்கை மனுசன் வைத்துக்கொள்ள முடியாது. அதற்குத்தான் போன்.

நான் பயன்படுத்துவது ஆன்கி. முன்பக்கம் கேள்வியும் பின்பக்கம் பதிலும் உள்ள கார்டுகளை நாள் பார்த்துக் காட்டும் ஆப். டேமியன் எல்ம்ஸ் என்பவர் 2006-ல் வெளியிட்டது. ஆன்கி என்றால் ஜப்பானிய மொழியில் மனப்பாடம். கம்ப்யூட்டருக்கு இலவசம், ஆண்ட்ராய்டில் ஆன்கிட்ராய்டு என்ற பெயரில் இலவசம், ஐபோனில் மட்டும் காசு. ஐபோன்காரர்கள் காசு போட மனமில்லையென்றால் பிரவுசரில் ஆன்கிவெப்பைத் திறந்து படிக்கலாம். பெயரைக் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொண்டு போலி ஆப்கள் கடையில் திரிகின்றன, பார்த்து இறக்குங்கள். பார்க்க அழகாக இருக்காது ஆன்கி. மாட்டுத் தொழுவம் மாதிரி இருக்கும். பால் கறக்கும்.

மற்றவர்கள் போட்டு வைத்த ரெடிமேட் கார்டுக் கட்டுகள் கிடைக்கும், இறக்காதீர்கள். அது பழைய கழுகுக் கதைதான். கார்டை நீங்களே போடுங்கள், போடும்போதே பாதி மனதில் ஏறிவிடும்.

எப்படிப் போடுவது என்று ஒரு கார்டைக் காட்டுகிறேன். முதலில் நான் போட்ட விதம், முன்பக்கம் ஆங்கில வார்த்தை, பின்பக்கம் தமிழ் அர்த்தம். "சப்ஜெக்ட் டு" என்றால் "நிபந்தனைக்குட்பட்டு". கார்டு வரும்போதெல்லாம் டக்கென்று பதில் சொல்வேன், மெயில் எழுதும்போது அந்த வார்த்தை ஞாபகத்துக்கே வராது. பார்த்தால் தெரிகிறது, தேடினால் கிடைக்கவில்லை. அதனால் திருப்பிப் போட்டேன். இப்போது இருக்கிற கார்டு இப்படி:

முன்பக்கம்: வாஷ் டெஸ்ட் பாஸ் ஆனால்தான் கலர் ஓகே.
த கலர் இஸ் அப்ரூவ்ட் ______ ______ த வாஷ் டெஸ்ட் ரிசல்ட்.

பின்பக்கம்: சப்ஜெக்ட் டு. கூடவே உச்சரிப்பு ஒலி, அதன்கீழ் அந்தப் பழைய மெயில் வரி, அதன்கீழ் "ரிப் வேஸ்ட்டான கதை" என்று மூன்றே வார்த்தை.

தமிழ் நிலைமையைச் சொல்லி, ஆங்கில வரியில் ஓட்டை போட்டு, ஓட்டையை நிரப்பச் சொல்வது. ஆன்கியில் கார்டு வகையைக் குளோஸ் (சி-எல்-ஓ-இசட்-இ, ஓட்டை போடுகிற வகை) என்று மாற்றிக்கொண்டு, மறைக்க வேண்டிய வார்த்தையைத் தேர்ந்து அடைப்புக்குறிப் பொத்தானை அழுத்தினால் ஓட்டை விழுந்துவிடும். ஒரு சிக்கல் வரும். அதே ஓட்டைக்கு டிபெண்டிங் ஆன் என்பதும் பொருந்தும், நீங்கள் அதைச் சொல்வீர்கள், கார்டு தப்பு என்னும். அதற்கு முதல் எழுத்தை மட்டும் விட்டு வையுங்கள், சண்டை தீர்ந்தது. ஒரு கார்டில் ஒரே ஓட்டை. வரி எட்டு, பத்து வார்த்தைக்குள். அந்த வரியில் தெரியாத வார்த்தை அது ஒன்றுதான் இருக்க வேண்டும்.

செட்டிங்கில் கை வைக்க வேண்டிய இடம் இரண்டுதான். ஒரு நாளைக்குப் புதுக் கார்டு 20 என்று இருக்கும், 5 ஆக்குங்கள். முதல் வாரம் எல்லாரும் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். 20 போட்டால் பழையது திரும்பித் திரும்பி வந்து ஒரு மாதத்தில் தினமும் 150, 200 கார்டு என்று நிற்கும், அன்றைக்கே ஆப்பை அழித்துவிடுவீர்கள். 5 போட்டால் டீ டைமில் முடியும். வருடத்துக்கு 300 நாள் என்று வைத்தாலும் 1,500 வார்த்தை ஆகிறது. இரண்டாவது, எஃப்எஸ்ஆர்எஸ் என்று ஒரு பொத்தான். 2023-ல் வந்த புதுக் கணக்கு முறை, உங்கள் மறதிக்குத் தகுந்தபடி நாள் போடும், அதை ஆன் பண்ணிவிட்டு மறந்துவிடுங்கள்.

பதில் பொத்தான் நான்கு இருக்கும்: அகெய்ன், ஹார்ட், குட், ஈஸி. மறந்துபோனால் அகெய்ன். வெட்கப்பட்டுக்கொண்டு ஹார்டை அழுத்துகிறவர்கள் நிறைய பேர். ஹார்ட் என்றால் கஷ்டப்பட்டாவது ஞாபகம் வந்தது என்று அர்த்தம், மறந்ததற்கு ஹார்ட் கொடுத்தால் போன் உங்களுக்குத் தெரியும் என்று நம்பிப் பத்து நாளைக்குத் தள்ளிப்போட்டுவிடும். போனிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. பெரும்பாலும் அகெய்ன், குட் இரண்டே போதும்.

எட்டுத் தடவை மறந்த கார்டுக்கு ஆன்கி லீச் என்று பட்டம் கட்டிவிடும். லீச் என்றால் வால்பாறைப் பக்கம் மழையில் போனால் காலில் ஏறுமே, அந்த அட்டை. கார்டுக்கும் தமிழில் அட்டைதான். அட்டையிலேயே அட்டை. அதை உப்புப் போட்டுப் பிடுங்குவதுபோலப் பிடுங்கிவிடுங்கள், அதாவது அந்தக் கார்டை அழித்துவிட்டு, வேறு வரியில், வேறு நிலைமையில் புதிதாகப் போடுங்கள். தப்பு உங்கள் மேல் இருக்காது, பெரும்பாலும் கார்டை மோசமாகப் போட்டிருப்பீர்கள்.

போனே வேண்டாம், பையன் கையில் போனைக் கொடுத்தால் கேம் விளையாடுகிறான் என்கிறவர்களுக்கு: செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியர் 1970-களில் அட்டைப்பெட்டி வைத்தே இதைச் செய்யச் சொல்லிக்கொடுத்தார். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி அட்டை பண்ணுங்கள், நம் வீடுகளில் அதற்கா பஞ்சம். மூன்று ஸ்வீட் டப்பா. முதல் டப்பா தினமும், இரண்டாவது மூன்று நாளைக்கு ஒருக்கா, மூன்றாவது வாரத்துக்கு ஒருக்கா. சரியாகச் சொன்னால் அடுத்த டப்பாவுக்குப் போகும், தப்பினால் எங்கிருந்தாலும் முதல் டப்பாவுக்கு வரும்.

வாயில் வருகிறதா என்று பார்ப்பது

கார்டில் வந்துவிட்டால் வாயில் வந்துவிடும் என்று இல்லை. இதற்குச் செலவில்லாத வழி, கீபோர்டில் இருக்கும் மைக். மொழியை இந்திய ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு கார்டில் உள்ள வரியைப் பேசுங்கள், அது என்ன எழுதுகிறது என்று பாருங்கள். நான் "பேக் த பேக்ஸ்" என்றேன், பைகளைக் கட்டு என்ற அர்த்தத்தில். அது எழுதியதைப் பார்த்தால் இரண்டும் முதுகாக இருந்தது. முழு வரியாகப் பேசினால் அக்கம்பக்கத்தை வைத்து ஊகித்துச் சரியாக எழுதிவிடும், அதனால் சந்தேகமான வார்த்தையைத் தனியாகவும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

சாட்ஜிபிடி மாதிரி ஏஐ இருக்கிறது, அதை உதாரண வரி கேட்க வைத்துக்கொள்ளலாம். "சப்ஜெக்ட் டு என்பதை வைத்து ஐந்து வரி கொடு" என்று மட்டும் கேட்டால் ஏதோ வக்கீல் நோட்டீஸ் மாதிரி தரும். "நான் திருப்பூரில் துணி ஏற்றுமதி வேலை பார்க்கிறேன், பையருக்கு எழுதுகிற மெயிலில் வருகிற மாதிரி, எளிய வார்த்தையில், பத்து வார்த்தைக்குள் ஐந்து வரி" என்று தமிழிலேயே கேளுங்கள். அதைவிட நல்லது, நீங்கள் ஒரு வரி எழுதிக் கொடுத்து, "வெளிநாட்டுக்காரர் இப்படி எழுதுவாரா, எழுதமாட்டார் என்றால் ஏன்" என்று கேட்பது. ஆனால் அது தெரியாததையும் தெரிந்தமாதிரி தெம்பாகச் சொல்லும், சந்தேகம் வந்தால் டிக்‌ஷனரியில் பார்த்துவிடுங்கள். பையர் பெயர், ஸ்டைல் நம்பர், விலை எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும், கம்பெனி ரகசியத்தை வெளியே கொண்டுபோய் வைக்கிற வேலை இது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊர்க்காரர்களுக்கு 'ங்க' போடாமல் பேச வராது. ஆங்கிலத்தில் அதற்கு இடமில்லையே என்று வரிக்கு வரி சார் போடுகிறோம், கைண்ட்லி போடுகிறோம். கைண்ட்லி டூ த நீட்ஃபுல் என்று எழுதினால் இந்தியர்களுக்குப் புரியும், வெளியே அது பழைய சர்க்கார் கடிதம் மாதிரி இருக்கும். அவர்கள் ஊர் 'ங்க' எல்லாம் குட் யூ, வுட் இட் பி பாசிபிள், வி வுட் அப்ரிஷியேட் என்பதில் இருக்கிறது. இவற்றைத் தனித்தனி வார்த்தையாகப் படிக்காமல், முழுத்தொடராக ஓட்டை போட்டுக் கார்டாக்குங்கள். பதில் சொல்வதற்கு ரிவர்ட் என்று எழுதுவதும் நம் நாட்டு வழக்கம்தான், மற்ற இடங்களில் ரிவர்ட் என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது. ரிப்ளை என்றே எழுதிவிட்டுப் போங்கள்.

அப்புறம் சில்லறை விஷயங்கள். யூடியூபில் ஆங்கில சப்டைட்டிலை ஆன் பண்ணி, வேகத்தை 0.75 வைத்துக் கேட்கலாம், தானாக வரும் சப்டைட்டிலில் தப்பு இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். தினம் ஒரு வார்த்தை என்று குரூப்பில் வருகிற ஃபார்வர்டுகளை நான் திறப்பதே இல்லை. ஆப்பில் இத்தனை நாள் விடாமல் படித்தீர்கள் என்று தீப்பிழம்பு காட்டுவார்கள், அந்தத் தீயை அணையவிடக் கூடாது என்று ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் தட்டுவதில் ஒரு பிரயோசனமும் இல்லை. நோம்பி, பண்டிகை வந்தால் நாலு நாள் விடுங்கள். திரும்பி வரும்போது கார்டு குவிந்திருக்கும், அந்த வாரம் புதுக் கார்டைச் சுழியமாக்கிவிட்டுப் பழையதை முடியுங்கள்.

எதிர்ச்சொற்களையும் ஒரே மாதிரிச் சொற்களையும் ஒரே நாளில் சேர்த்துப் போடாதீர்கள். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படித்தோம், ஜோடி ஜோடியாக. நான் இம்போர்ட்டையும் எக்ஸ்போர்ட்டையும் ஒன்றாகப் படித்துவிட்டு இரண்டு வருடம் எது எது என்று நின்று யோசித்துத்தான் சொன்னேன். ஒன்று நன்றாக ஊறினபிறகு, ஒரு மாதம் கழித்து மற்றதைப் போடுங்கள்.

ஆன்கிவெப்பில் ஒரு கணக்குத் திறந்து, படித்து முடித்ததும் சிங்க் பொத்தானை அழுத்துங்கள், கார்டெல்லாம் இணையத்தில் ஒரு நகலாகச் சேர்ந்துவிடும், அது இலவசம்தான். நான் தோட்டத்தில் மோட்டார் போடப் போனபோது சட்டைப்பையில் இருந்த போன் தொட்டிக்குள் விழுந்தது. மூன்று வாரமாகச் சிங்க் பண்ணவில்லை. போன் போனதுகூடப் பரவாயில்லை, அந்த மூன்று வாரத்தில் போட்ட தொண்ணூறு கார்டும் போனது.

அக்கா மகள் போன ஞாயிற்றுக்கிழமை முதல் பதினோரு கார்டுகளைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். ஒன்றில் "ஃபார் எக்ஸ்டெர்னல் யூஸ் ஒன்லி" என்ற வரியில் ஓட்டை போட்டிருந்தாள். எங்கே பிடித்தாய் என்று கேட்டேன். "கட்டுத்தரையில மாட்டுப் புண்ணுக்குப் போடற மருந்து டப்பாவுலங் மாமா" என்றாள். அதற்கு அடுத்த கார்டாக இன்டெர்னலையும் போட்டு வைத்திருந்தாள். அதை மட்டும் எடுத்துவிட்டு அடுத்த மாதம் போடச் சொன்னேன்.